சிங்கமில்லாத ஐந்து ரூபாய்

கணவரின் சட்டைப் பையில் கிடந்த அந்த ஐந்து ரூபாய் நாணயத்தில், சிங்கத் தலைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடுதான் இருந்தது. அச்சில் பிசகிய நாணயம் லட்சக்கணக்கில் விலைபோகும் என்று யூடியூபில் பார்த்திருந்தேன். கழுவினால் மதிப்புப் போய்விடும் என்றும் அதில் சொன்னதால், தண்ணீர்கூடப் படவிடவில்லை.

"புது பைக் எடுத்துருவோம்" என்றார் அவர்.

"பைக்கா? மொதல்ல மாடியில ஒரு ரூம் போடணும்" என்றேன்.

சண்டை முற்றி, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து போனோம்.

அங்கே பழைய நாணயம் வாங்கி விற்கும் பாய், அதை மேஜையில் வைத்துவிட்டு லென்ஸைத் தேடினார். அதற்குள் எங்கிருந்தோ ஓர் எறும்பு வந்து நாணயத்தின் மேல் ஏறியது. பின்னாலேயே இன்னொன்று.

பாய் லென்ஸைத் தொடவே இல்லை. "ஏம்மா, அச்சு பிசகுன காசுன்னா எறும்புக்கு அதுல என்ன சோலி?"

அவர் அதை வெந்நீரில் போட்டதும் மேடு கரைந்து சிங்கங்கள் எழுந்து வந்தன.

"போன வாரம் பால்கோவா வாங்கிச் சட்டைப் பையில வச்சேன்ல..." என்று கணவர் இழுத்தார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"நெசமாவே பிசகியிருந்தா எம்புட்டு வரும் பாய்?" என்று கேட்டேன்.

"வாங்க ஆள் வந்தாத்தாம்மா வெல. வீடியோ பாக்குறவன்லாம் விக்கத்தான் வருவான், எவனும் வாங்க மாட்டான்."

அந்தக் காசையும் சேர்த்துக் கொடுத்துப் பால்கோவா வாங்கிக்கொண்டு, ஒரே சீட்டில் ஊர் திரும்பினோம். இப்போதும் கைக்கு வராத பணத்துக்கு நாங்கள் சண்டை பிடித்தால், இருவரில் ஒருவர் சொல்லிவிடுவார்: "மொதல்ல எறும்பு வருதான்னு பாப்போம்."