டெய்லருக்குக் கிடைத்த தீர்ப்பு

இம்மாகுலேற் அக்காவும் நானும் பாரிசின் லா சப்பலில் ஒரே பலசரக்குக் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறோம். மரக்கறிப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுவது நான், கல்லாவில் நிற்பது அவர். அவர் மன்னார்க்காரி என்றுதான் ஊரெல்லாம் நினைத்திருந்தது. அவருடைய தாய் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகுதான் குடும்பம் மன்னாருக்கு வந்தது என்பதெல்லாம் எனக்கு மட்டும் சொன்ன கதை. தோட்டத்து ஆள் என்றால் எங்கள் சனத்தில் சிலருடைய முகம் எப்படிக் கோணும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மகள் அனுஜாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பதினெட்டு வயதுப் பிள்ளை அவள்.

அந்த ரகசியத்தை உளறியது நான்தான். எடின்பரோவிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கம் விருந்துக்கு வருகிறதென்று எங்கள் சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களைக் குளிர்விக்க ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். ஸ்கொட்லாந்தின் தலைசிறந்த மைந்தர் பெனிசிலின் கண்ட பிளெமிங்கா, இலங்கையில் தேயிலைத் தோட்டம் போட்ட டெய்லரா? பாரிசில் எங்களுக்கு வேறு குறையே இல்லை!

நடுவர் சஞ்சீவன், கல்லாவுக்கு முன்னால் சனம் வரிசையில் நிற்கும்போதே கேட்டார்.

"அக்கா, நீங்கள் தோட்டப்பக்கமெண்டு யசோதினி சொன்னவ. டெய்லர் அணிக்கு ஒராள் குறையுது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. சஞ்சீவன் போனதும், "ஏலாதெண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

"இல்லை யசோ. மைக்கைத் தரட்டும். ஆரைப் பற்றிக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியும். அனுஜாவையும் கூட்டிக்கொண்டு வாறன். என்ர அம்மா ஆரெண்டு அவளுக்குத் தெரியவேணும்."

பட்டிமன்றத்தன்று அக்கா பன்னிரண்டு நிமிடம் பேசினார். தாயின் காலில் அட்டை கடித்த தழும்புகளைச் சொன்னார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில் ஏழு பேர் படுத்ததைச் சொன்னார். கொழுந்து நிறை குறைந்தால் பாதிக் கூலி என்றார். "மலையைத் தோட்டமாக்கினது இந்தக் கையள்தான்" என்றார். டெய்லரைப் புகழ்ந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஆனால் பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தோமோ, பேச்சும் அந்தப் பக்கத்துக்கே போகும். சஞ்சீவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இவ்வளவு சனம் குளிருக்கையும் அட்டைக்கடிக்கையும் ஒரு மனிசன்ர கனவை நம்பி மலையேறியிருக்கெண்டால், அவர் எப்பேர்ப்பட்ட மனிசனாய் இருக்கவேணும்! இம்மாகுலேற் அக்கா எங்கட கண்ணைத் திறந்திட்டா. தீர்ப்பு டெய்லருக்கே!"

கைதட்டல் காதைப் பிளந்தது. எடின்பரோக்காரர் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார். "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று அக்கா மைக்குக்குக் கை நீட்டினார். அதற்குள் பிள்ளைகளின் நடனத்துக்குப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதிரையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. முதலில் என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

மெட்ரோ மேடையில் நின்றபோது அனுஜா தாயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு, "அம்மா, அந்தப் பெரிய மனிதரின் பெயர் என்ன? தேடிப் பார்க்கப் போகிறேன்" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"மரியாயி" என்றார் அக்கா.

அனுஜா அதைத் தட்டத் தொடங்கி நிறுத்தினாள். "யார் அது?"

"உன்ர அம்மம்மா. இவ்வளவு நேரமும் அவவைப் பற்றித்தானே பிள்ளை கதைச்சனான். உனக்குமா விளங்கேல்லை?"

மேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவர் அதைக் கத்திச் சொன்னார்.