ப்ரீச் என்ற சொல்

ஐம்பதுகளின் கடைசியில், அன்னூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறு மருந்தகத்தில் வேலை பார்த்தேன். நர்ஸ் வேலை இல்லை. அங்கிருந்த இத்தாலிய சிஸ்டருக்குத் தமிழ் வராது. மருந்துக்கு வரும் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்த நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "அங்க போனா மதத்தை மாத்திப்போடுவாங்க" என்று என் மாமியார் முதலில் மிரண்டார். அவருடைய கால்புண் அங்கேதான் ஆறியது. அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, வெயிலில் சிவந்துபோன முகம். அவருடைய இங்கிலீஷும் அரைகுறைதான். கோபம் மட்டும் தடங்கலில்லாமல் வரும். தண்ணீரைக் காய்ச்சாமல் பிள்ளைக்குக் கொடுத்த தாய், பிள்ளை பெற்றவளைப் பட்டினி போட்ட மாமியார் எல்லாரும் திட்டு வாங்குவார்கள். அதில் பாதியைத்தான் நான் தமிழில் சொல்வேன். மீதி அவர் முகத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஊரில் வசதியான தோட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மருமகளுக்கு முதல் குழந்தை பிறந்ததுமே தவறிப்போனது. இரண்டாவதை மூச்சுத் திணறலோடு எங்களிடம் கொண்டு வந்தார்கள். அது சிஸ்டரின் கையிலேயே அடங்கியது. மூன்றாம் முறை வயிற்றோடு அந்தப் பெண் வந்தபோது கால் வீங்கி, உதடு வெளுத்துக் கிடந்தது. தோட்டத்து ஆட்களுக்குச் சோறாக்கி, எருமைகளைக் கவனித்து, எல்லாரும் உண்டபின் மிஞ்சியதைத் தின்கிறாள் என்று விசாரித்ததில் தெரிந்தது. சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, சிஸ்டர் சத்தம் போட்டார். இவளுக்கு முதலில் சோறு போடு, இவளை உட்கார வை, இந்தக் குழந்தையும் செத்தால் அது உங்களால்தான் என்றார். கடைசியில் சொன்னதை நான் தமிழாக்கவில்லை. ஆனாலும் தோட்டத்துக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"ஏனம்மணி, எங்க ஊட்டு வாசல்ல நின்னு எங்களுக்கே போதிக்கறாளா இவ? போதிக்கறதையெல்லாம் அவ ஊர்ல வெச்சுக்கச் சொல்லு."

போதனை செய்கிறாள் என்றே அவரிடமிருந்து சர்க்காருக்கு மனு போயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் இங்கே தங்கியிருக்க அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய காலம் அது. மதம் பரப்புவதாகப் புகார் எழுந்தால் அனுமதி போய்விடும். கோயமுத்தூரிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, இங்கிலீஷில் நேராகவே கேட்டார்: நீங்கள் இங்கே ப்ரீச் செய்கிறீர்களா?

மதப் பிரசங்கத்தைத்தான் அவர் கேட்டார். சிஸ்டருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் பையிலிருந்த குட்டி அகராதியை எடுத்துப் புரட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆ, ப்ரெதிகாரே! ஆமாம், ஆமாம். தினமும் செய்கிறேன். தாய்மாரிடம், மாமியார்மாரிடம். யாருமே கேட்பதில்லை!"

அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டேன்.

"ஐயா, அவங்க கண்டிச்சுப் பேசறதைச் சொல்றாங்க. சாமி விசயம் இல்லைங்க."

"ஏனுங்க, உங்களுக்கு இத்தாலி பாசை தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எப்படிங்க? நான் கேட்டேன், அவங்களே புஸ்தகத்தைப் பார்த்து ஆமான்னு சொல்லிப்போட்டாங்க. இனி நான் என்ன பண்றதுங்க?"

மரியாதையாகத்தான் பேசினார்.

அதிகாரியின் ஜீப் போனபிறகு சிஸ்டரிடம் விளக்கினேன். அப்போதுதான் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மா வாசலிலேயே பிடித்து நிறுத்தித் திட்டுவாராம். 'அம்மாவின் ப்ரெதிகா ஆரம்பித்துவிட்டது' என்று பிள்ளைகள் சிரிப்பார்களாம். கோயிலில் பாதிரியார் செய்யும் பிரசங்கத்துக்கும் அதே பெயர்தானாம். அகராதியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அவருக்குத் தன் அம்மா ஞாபகம்தான் வந்திருக்கிறது.

மடத்துத் தலைவி கோயமுத்தூருக்கு நடையாய் நடந்தார். நானும் ஒருமுறை கூடப் போய்ச் சொன்னேன். எழுதியது எழுதியதுதான். அனுமதி நீட்டிக்கப்படவில்லை.

சிஸ்டர் பெட்டி கட்டியபோது, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். தோட்டத்துக்காரர் வீட்டு இரண்டாவது குழந்தை அடங்குவதற்கு முன்னால் அவர் விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் நெற்றியில் வைத்து, ஏதோ முணுமுணுத்ததை நான் பார்த்திருந்தேன். அது என்ன என்றேன்.

துணி மடித்த கை நின்றது.

"ஞானஸ்நானம். கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அது போதனையா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாயிடம் கேட்டிருக்க வேண்டாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அழுதுகொண்டிருந்த சிஸ்டரிடம் அதைக் கேட்க முடியவில்லை. மனுவில் பொய் என்று நான் நினைத்ததில் ஒரு துளி உண்மை இருந்ததோ என்ற குழப்பம் அன்று புகுந்ததுதான், இன்றும் தெளியவில்லை.

சிஸ்டர் ரயிலேறிய மறுவாரம் தோட்டத்துக்காரரின் மருமகள் என் வீட்டுக்கே வந்தாள். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"அக்கா, சிஸ்டரம்மா போயிட்டாங்களாமா? இனி எங்க ஊட்ல எனக்காக யாருங்க பேசுவாங்க?"

அன்று சாயங்காலமே போனேன். எனக்குச் சத்தம் போட வராது. அவளுடைய மாமியாரைச் சமையற்கட்டில் பார்த்து, "அத்தை, இவளைப் பெரியாஸ்பத்திரியில காட்டோணுங்க. நானே கூட்டிட்டுப் போறேனுங்க" என்றேன். அந்த அம்மாள் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார். பிறகு, "அவருக்கு நான் சொல்லிக்கறேன், போங்க" என்றார்.

கோயமுத்தூரில் இரத்தம் ஏற்றினார்கள். பிரசவம் வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை, நன்றாக அழுதது. தோட்டத்துக்காரர் பார்க்க வந்தார். வராந்தாவில் நின்ற என்னைக் கண்டும் காணாதவர்போல் உள்ளே போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது என் பக்கம் பாராமலே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கார்லயே வா அம்மணி" என்றார்.

நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவரே ஓட்டி, ஊர் வந்ததும் என் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.