ஒன்றும் படிக்காதவர்கள் குழு

புள்ளிவிபரவியலில் ஆராய்ச்சிப் பட்டம் எடுக்கப் போகிறேன் என்றபோது, வீட்டில் எல்லோரும் அதைச் சனத்தொகைக் கணக்கெடுப்பு என்றே விளங்கிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அரசாங்க உத்தியோகம் மாதிரித் தோன்றினால் கலியாணச் சந்தையில் என் பெறுமதி கொஞ்சம் ஏறும் என்ற நப்பாசை.

சண்டை மறுபடி மூண்ட வருடங்கள் அவை. போர் நடக்கும் மாவட்டத்தில் கைத்தொலைபேசிக் கொள்கை எப்படி இருக்கவேண்டும் என்பது எனக்குக் கிடைத்த தலைப்பு. திருகோணமலையில் கொள்கை மிக எளிமையாக இருந்தது. சில நாள் சிக்னல் இருக்கும், சில நாள் இருக்காது. வரும் அழைப்புக்கும் காசு கட்டவேண்டும் என்பதால் ஊரே மிஸ்ட் கோலில் குடும்பம் நடத்தியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் தங்கியிருந்த போடிங் விடுதியில், மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்றால்தான் குரல் தெளிவாகக் கேட்கும்.

கிண்ணியாவில் வீடு வீடாகப் போய், போனை எதற்குப் பாவிக்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் “யாவாரத்துக்கு” என்றார்கள். ஒரே ஒரு பெண் மட்டும், “தொண்டைக்கு” என்றார்.

அவர் மதரசாவில் பெண்களுக்கு, தொண்டையிலிருந்து எழும் அரபு எழுத்துகளின் உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கும் டீச்சர். அவரிடம் படித்தவர்களில் பாதிப்பேர் கடலுக்கு இந்தப் பக்கம், திருகோணமலை நகரத்தில் இருந்தார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் ஓடும் படகை நாங்கள் ‘பாதை’ என்போம். பெயர்தான் பாதை, கடற்படை சோதனை நடத்தும் நாட்களில் அது கரையோடு கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் டீச்சர் போனில் படிப்பித்தார். ஆனால் மதரசா நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. வாயைப் பார்க்காமல் உச்சரிப்பைத் திருத்த முடியாது, போன் வகுப்பை நிறுத்துவோம் என்று அவர்கள் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“பாதை நிண்டா அந்தப் பொம்பிளயளுக்கு என்ட குரல் மட்டுந்தான் தம்பி. அதையும் நிப்பாட்டினா அவங்கட படிப்பு அதோட முடிஞ்சிரும்,” என்றார் டீச்சர். “நீங்க கணக்குத்தானே படிக்கீங்க? போனிலயும் வரும் எண்டு கணக்கில காட்டித் தாங்க.”

ஒரு பெண் என்னிடம் கணக்குக் கேட்பது அதுவே முதல் தடவை. உடனே ஒப்புக்கொண்டேன். நேரில் படிப்பவர்கள் ஒரு குழு, போனில் படிப்பவர்கள் ஒரு குழு. எல்லோருடைய உச்சரிப்பையும் தொடக்கத்திலும் முடிவிலும் கசெற்றில் பதிந்து, ஆளைத் தெரியாத வெளியூர் மௌலவி ஒருவரிடம் கொடுத்துப் புள்ளி போடச் சொல்வது. ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது குழு ஒன்றும் வேண்டும்: ஒன்றும் படிக்காதவர்கள்.

“கிண்ணியாவில அப்பிடி ஆள எங்க தேடுவீங்க? இஞ்ச புள்ளயள் நடக்கத் தொடங்கினா ஓதவும் தொடங்கிரும்,” என்று டீச்சர் சிரித்தார்.

எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் போடிங்கில் அப்படிப்பட்டவர்களே நிறைந்திருந்தோம். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடும் போடிங் முதலாளி அண்ணை, கச்சேரி என்ற அரச செயலகத்தில் கிளாக்கராக இருந்த என் அறை நண்பன், பிறகு நான். இதற்கு மேல் தகுதி யாருக்கு இருக்கிறது? டீச்சர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். வேதத்தை விளையாட்டுக்கு எடுக்கக்கூடாது. எழுத்துகளின் ஒலி மட்டும்.

முதல் கசெற் திரும்பி வந்தபோது, எங்கள் குழுவின் பக்கத்தில் மௌலவி ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: “இவர்களுக்குத் தொண்டையில் ஏதும் நோய் வருத்தமா?”

நான் அதைச் சாப்பாட்டு மேசையில் உரத்து வாசித்துச் சிரித்தேன். நண்பன் சிரித்தான். அண்ணை சிரிக்கவில்லை.

“மாதா கோயிலில நத்தார்ப் பாட்டில தனிக் குரல் எடுக்கிறவன் நான். எனக்கோ தொண்டையில வருத்தம்?”

“அண்ணை, உங்கட வேலையே ஒண்டும் படியாமல் இருக்கிறதுதான். அதை வடிவாச் செய்யிறியள்.”

ஆறுதல் சொல்வதாகவே நினைத்தேன்.

இரண்டாவது கசெற்றின் புள்ளிகள் வந்தன. நேர்க் குழு நன்றாக முன்னேறியிருந்தது. போன் குழுவும் முன்னேறியிருந்தது. ஒன்றும் படிக்காத குழு அவர்களோடு தோளுரசி நின்றது! கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன், கல்குலேற்றரைத் தட்டிப் பார்த்தேன். படிப்பிக்காமலே இவ்வளவு வருமென்றால் படிப்பிப்பது எதற்கு? என் அட்டவணை போன் வகுப்பை மட்டுமல்ல, டீச்சரையே தேவையில்லை என்றது. மறுநாள் பின்னேரம் நிர்வாகத்தின் கூட்டம். உதவி செய்யப் போன என் கையாலேயே அந்த வகுப்புக்குப் பூட்டு.

தலையைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அங்கே அண்ணை அடுப்பில் கறி கொதிக்க, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, “ஹா… ஹா…” என்று கையை நோக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். மூச்சின் சூடு உள்ளங்கையில் படுகிறதா என்று பார்க்கச் சொல்வது டீச்சரின் முறை. வாயைப் பார்க்க முடியாத போன் வகுப்புக்கென்றே அவர் கண்டுபிடித்தது.

“அண்ணை, இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?”

“வேற ஆர், டீச்சர்தான். தாங்கியில ஏறி நிண்டு போனில படிச்சனான்.”

“ஆற்ற போனில?”

வாசலில் நின்ற நண்பன் முந்திக்கொண்டான். “உன்ர போனிலதான் மச்சான், என்ர போனுக்குக் காசு ஆர் கட்டுறது? நீ குளிக்கப் போனால் வர அரை மணித்தியாலம் செல்லுமே. நானும் படிச்சனான்.”

என் போன் பில்லை வைத்து, துறைமுகப் பகுதியில் அழைப்புகள் அண்மையில் திடீரென்று கூடியுள்ளன என்று ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கண்டுபிடிப்பை எழுதி வைத்திருந்தேன். கூட்டியவர்கள் இவர்கள்தான். ஆனாலும் கோபம் வரவில்லை; போன் வகுப்புக்கு இதைவிட நல்ல சாட்சி எது? அண்ணையைக் கட்டிப்பிடித்தேன். அவர் கறிக்கரண்டியோடு திமிறினார்.

மறுநாள் பாதை ஓடியது. கூட்டத்தில் தலைவராக இருந்த அரிசி ஆலைக்காரர் என் அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகப் பிடித்தாலும் அவ்வளவுதான் விளங்கியிருக்கும். நான் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துவிட்டு, நண்பனின் போனுக்கு ஒரு அழைப்பு எடுத்துத் தலைவர் காதில் கொடுத்தேன். அங்கே அண்ணை தாங்கியில் தயாராக நின்றார்.

ஒவ்வொரு எழுத்தாக வந்தது. தலைவர் முகம் மலர்ந்தது. போன் காதுக்குக் காதாகக் கைமாறியது.

“நல்லா இரிக்கே! ஆருங்க இது, எந்த ஊர்ல ஓதின ஆலிம்?”

“மாதா கோயில்ல பாடுறவர்,” என்றேன். “டீச்சரின்ர முகத்தை இண்டுவரைக்கும் காணாதவர்.”

அறை வெடித்துச் சிரித்தது. எல்லோரும் மூலையில் இருந்த டீச்சர் பக்கம் திரும்பினார்கள்.

“தம்பிட நம்பர்ல இருந்துதானே எடுத்தாங்க. தம்பிதான் அனுப்பினாரெண்டு நெனச்சன்,” என்றார் டீச்சர். “படிக்கோணும் எண்டு கேட்டா வேணாமெண்டு சொல்ல எனக்கு ஏலா.”

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “சரி, போன்ல படிச்சவர் இப்பிடி. படிக்காதவர் எப்பிடி இரிப்பார்? நீங்க ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்.”

நான் எழுந்து, தொண்டையைச் செருமி, ஐன் என்ற அரபு எழுத்தின் ஒலியை எழுப்பினேன். பக்கத்தில் இருந்தவர் பதறிப்போய்த் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“இப்ப வித்தியாசம் வடிவா வெளங்குது,” என்றார் தலைவர். போன் வகுப்பு தொடரலாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

என் ஆய்வில் சொன்னபடி நடந்துகொண்ட ஒரே ஆள் நான்தான். மூன்றாவது குழு முழுவதும் நானே.

திரும்பி வரும்போது, பாதை நடுக்கடலில் இருக்கையில் மிஸ்ட் கோல் ஒன்று வந்தது. டீச்சர். வகுப்புக்குத் தயாரா என்று கேட்க அவர் வைத்திருந்த முறை அது. ஆய்வு முடிந்தது, இனி நானும் படிக்கலாம் என்று திருப்பி அழைத்து, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தேன். காவலுக்கு நின்ற கடற்படைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தன் உள்ளங்கையையும் உயர்த்தி, அதற்குள் ஊதிப் பார்த்தார்.