துக்கப் பதிவில் ‘வருகிறேன்’ என்று எழுதியவள்

“எழவு வூட்டுல போயி நோட்டீஸ் குடுக்கச் சொல்றியாடா? வெக்கமா இல்ல ஒனக்கு?”

மணிமொழி செல்போனில் இப்படித்தான் சீறினாள். மறுமுனையில் மணிமாறன், அவளுடைய சித்தி மகன். வடலூரில் இரண்டு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு அதை ஆபீஸ் என்று சொல்கிறவன்.

“அக்கா, அந்தப் பதிவுக்கு ஒரே நாள்ல எரநூறு பேரு வந்துகினு போயிகினு இருக்காங்க. நம்ம கட்டில் கடை லிங்க்கு அதுல ஒண்ணு கெடந்தா என்ன? பதமா எழுதிப் போடு. நீ எழுதுனா யாரும் அழிக்கறதில்ல.”

“செத்தவனுக்கு எதுக்குடா கட்டிலு?”

போனை வைத்துவிட்டாள்.

மணிமொழிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பத்தாவது வரை படித்தவள். புருஷன் நெடுமாறன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனவன். 2011-ல் கம்மாபுரம் ரோட்டில் அவன் பைக்கை ஒரு லாரி தட்டியதில் இடுப்புக்குக் கீழே செத்துப்போயிற்று. பர்மனென்ட் ஆகும், பர்மனென்ட் ஆகும் என்று பத்து வருஷம் காத்திருந்தான். பர்மனென்ட் ஆனது படுக்கைதான்.

மணிமாறன் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, “பிளாக்குல கமென்ட் போடற வேலை அக்கா” என்றபோது, “எந்த பிளாக்குலடா?” என்று கேட்டாள். நெய்வேலிக்காரி வேறு எப்படிக் கேட்பாள்? அவள் குடியிருந்ததே இருபத்தோராம் பிளாக்கில், ஒரு குவார்ட்டர்ஸின் பின்னறையில்.

வேலை இதுதான். யார் யாரோ இன்டர்நெட்டில் பதிவு எழுதுகிறார்கள். அதன் அடியில் நாம் கருத்துச் சொல்ல இடம் உண்டு. பேர் போடும் கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம். அதில் மணிமாறனுக்குக் காசு கொடுக்கிற கடையின் விலாசத்தைப் போட்டுவிட்டால், பேரைத் தொடுகிறவன் நேரே கடையில் போய் நிற்பான். நாலு இடத்தில் அப்படிக் கிடந்தால், தேடுகிறவனுக்கும் அந்தக் கடை முன்னால் வரும்.

‘அருமை, நன்றி’ என்று எழுதினால் பதிவுக்காரர்கள் அள்ளிக் குப்பையில் கொட்டுவார்கள். மணிமொழியின் முதல் வாரம் முழுக்க அங்கேதான் போயிற்று. அப்புறம் பிடிபட்டது. பதிவை முழுசாகப் படிப்பாள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் எழுதாமல் நகர்ந்துவிடுவாள். கறிவேப்பிலைச் செடி துளிர்க்கவில்லை என்று ஒருவர் புலம்பியிருந்தால், புளித்த மோரில் தண்ணீர் கலந்து ஊற்றச் சொல்வாள். தப்பாக எழுதியிருந்தால் தப்பு என்பாள். கடைசி வரி மட்டும் மணிமாறன் சொல்லிக்கொடுத்தது: ‘மீண்டும் வருகிறேன்.’ அதைப் பார்த்தால் வாடிக்கையாகப் படிக்கிற ஆள் என்று நம்புவார்களாம்.

மேல்பட்டாம்பாக்கத்தில் சத்யப்பிரியா என்று ஒரு டீச்சர். படுக்கையில் விழுந்த புருஷனைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி எழுதிவந்தார். நோயாளிக் கட்டில் விற்கிற கடைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. மணிமொழி அதற்காகத்தான் போனாள். ஆனால் புருஷனின் முதுகுப் புண்ணைப் பற்றி டீச்சர் எழுதியிருந்ததைப் படித்ததும் கை வேறு மாதிரி எழுதிற்று. பவுடர் போடாதீர்கள், கட்டிதட்டி அறுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். பழைய வேட்டியைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. ‘புண் ஆறுகிறது, மணிமொழி. உங்கள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்?’

நெடுமாறன் எப்படி இருக்கிறான் என்று அவன் கூடப்பிறந்தவர்களே கேட்பதை விட்டிருந்தார்கள். டீச்சர் ஒருவர்தான் எட்டு மாதமாகக் கேட்டார். மணிமொழியும் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலிலும் கடையையும் தொங்கவிட்டாள். அது நியாயமா என்றால் இல்லை. அவளுக்கும் தெரியும்.

இப்போது டீச்சரின் புருஷன் போய்விட்டார். நாலு வரியில் எழுதியிருந்தார்.

மணிமாறனோடு சண்டை போட்ட அந்த மத்தியானம் மணிமொழி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கடை வேண்டாம், துக்கம் மட்டும் கேட்போம் என்று முடிவுபண்ணித்தான் எழுதினாள். ‘டீச்சர், நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்கள் எழுந்து புரட்டிப் போட இனிமேல் அவர் இல்லை என்று நினைக்கும்போதுதான் அழுகை வரும். அழுதுவிடுங்கள்.’

அதற்குள் நெடுமாறன் பெட்பேன் கேட்டுக் கூப்பிட்டான். அவசரத்தில் கை பழக்கப்படி அடித்தது: மீண்டும் வருகிறேன். பேரின் முதல் எழுத்தைத் தட்டியதும் கம்ப்யூட்டர் மீதிப் பேரையும் கடை விலாசத்தையும் தானே நிரப்பிக்கொண்டது. அவள் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு எழுந்து ஓடினாள்.

துக்கம் கேட்கப் போன வீட்டில் யாரும் ‘வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து போவதுதான் முறை. பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சாயங்காலம் பார்த்தபோது அவள் எழுதியது இல்லை. எட்டு மாதம் எழுதியதும் இல்லை. அந்த இடத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: ‘பேரைத் தொட்டுப் பார்த்தேன். துக்க வீட்டில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது மனுஷி இல்லை, கடை. இத்தனை நாளாக ஒரு கடையிடம் என் வீட்டுக்காரர் புண்ணைக் காட்டியிருக்கிறேன்.’

மணிமொழி மறுபடி எழுதிப் பார்த்தாள். உள்ளே போகவில்லை; அவள் பேருக்கு டீச்சர் கதவைச் சாத்தியிருந்தார்.

“வேற பேர்ல போடு அக்கா. சாமியம்மாள்னு வெச்சிக்க” என்றான் மணிமாறன்.

“பேர மாத்திக்கலாம். மூஞ்சிய எங்கடா வெச்சிக்கறது?”

வேலை போனால் போகிறது, டீச்சர் தன்னை ஒரு மனுஷி என்று நம்பினால் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. ஒன்பதாம் நாள், நெடுமாறனைப் பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு மாலையை வாங்கிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கம் போய் டீச்சர் வீட்டை விசாரித்து நுழைந்தாள்.

கூடத்தில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். புருஷன் படத்துக்குப் பக்கத்தில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“யாருங்க நீங்க?”

“நெய்வேலிங்க. மணிமொழி.”

டீச்சர் கையை நீட்டி மாலையை வாங்கினார். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

“இதுல கடைப் பேரு எங்கங்க ஒட்டியிருக்கு?”

மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணிமொழி மெதுவாகச் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரரு இருக்காருங்க. நெசமாவே இருக்காரு. இடுப்புல புதுசா ஒரு புண்ணு வந்துருக்கு.”

டீச்சர் மாலையைப் படத்துக்குப் போடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மடியிலேயே கிடந்தது.

மணிமொழி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

ரோஜா மாலை. பேரம் பேசாமல் வாங்கியது. நூற்றைம்பது ரூபாய்.