கிளட்ச் இல்லாத பிக்கப்பும் ஜமுனாமரத்தூர் சந்தையும்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய சந்தோஷத்தில் லட்டு கொடுத்தார்!

வாங்கிக்கொண்டேன். ஆனால் 'ஆட்டோமேட்டிக்' என்று யாராவது சொன்னாலே எனக்குத் தலை சூடாகிவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில் ஒரு சேவை மையத்தில் நான் டிரைவர். நோயாளிகளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரோ வெளிநாட்டுக்காரர்கள் மையத்துக்குத் தானமாகக் கொடுத்த பழைய பிக்கப். அது ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர். 'டி'யில் போட்டால் முன்னே போகும், 'ஆர்'ல் போட்டால் பின்னே வரும், அவ்வளவுதான்.

மலையில் அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். (அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமல்ல!)

அன்று சந்தை நாள். காலை எட்டு மணிக்கு பொன்னியும் அவள் அப்பா சின்னசாமியும் வந்து நின்றார்கள். சாமை போடுகிற குடும்பம். ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்தவள் பொன்னி. நர்ஸ் டிரெய்னிங்குக்குப் போளூரில் பன்னிரண்டு மணிக்கு இன்டர்வியூ. வராவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது.

காலை பஸ் வரவில்லை.

"டிரைவர் தம்பி, நீங்கதான் எப்டியாச்சும் கொண்டுபோய் வுடணும்" என்றார் சின்னசாமி.

"இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கவல? ஏறுங்க!" என்றேன் கெத்தாக.

ஸ்டார்ட் செய்தேன். 'டி'யில் போட்டேன். மிதித்தேன்.

இன்ஜின் அலறியது. வண்டி அசையவில்லை!

சந்தைக் கூட்டம் மொத்தமும் கூடிவிட்டது. பஞ்சர் ஒட்டுவதிலிருந்து லாரி இன்ஜின் இறக்குவது வரை எல்லாம் செய்கிற மெக்கானிக் பாஷா பாயும் வந்தார். ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டார்.

"கிளட்ச் பிளேட் போய்ட்ச்சுப்பா."

"பாய், இதுல கிளட்ச்சே இல்ல."

குனிந்து பார்த்தார். "அட, ஆமா! பெடல எவனோ கழட்டிக்கினு போய்ட்டாம்பா! போலீஸ்ல சொன்னியா?"

(எங்கே போய் முட்டிக்கொள்வது?)

அடுத்து ஒரு புளி வியாபாரி. "தள்ளுனா கெளம்பாத வண்டி உண்டா? தள்ளுங்கப்பா!"

"இன்ஜின் ஓடிக்கினுதாங்க கீது! கியர்தான் இழுக்கல!"

யார் கேட்டார்கள்? பத்துப் பேர் தள்ளினார்கள். வண்டி பத்தடி போனது. கையை எடுத்தார்கள், நின்றது.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கலாமா?"

"போளூர் வரிக்கும் தள்ளுவியா?" என்று கத்தியே விட்டேன்.

மணி ஒன்பதாகிவிட்டது. சின்னசாமி கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்ஜினை நிறுத்தினேன். கியர் பெட்டியில் எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தேன். ஃபுல்! துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஃபுல்!

"எண்ணெயும் கீது, இன்ஜினும் நல்லா கீது, இன்னா கேடு இதுக்கு?" என்று டயரை உதைத்தேன். (வலித்தது எனக்குத்தான்.)

"நீ எப்டி ஓட்டுவ?" என்று கேட்டார் பாஷா பாய்.

"என்ன மாதிரி எவன் பாய் ஓட்டுவான்? மலை எறங்கும்போது நியூட்ரல்ல போட்டு இன்ஜின ஆஃப் பண்ணிடுவேன். கீழ வரிக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்ல!"

கூட்டம் மெச்சித் தலையாட்டியது. அப்போது மலையில் பாதி டிரைவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள்.

"அண்ணா, இதுக்குப் புஸ்தகம் எதுனா கீதா?" என்றாள் பொன்னி.

இருந்தது. இங்கிலீஷ் புத்தகம். (அதன்மேல் டிபன் பொட்டலம் வைத்துச் சாப்பிடுவேன்.)

விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இது இன்னா பரிச்சையா? சீக்கிரம் படி பொன்னி!"

"இருங்கண்ணா... இன்ஜின் ஓடும்போதுதான் கம்பிய உருவிப் பாக்கணுமாம். நிறுத்திட்டுப் பாத்தா, எண்ணெய் கொறைஞ்சிருந்தாலும் ஃபுல்லுனு காட்டுமாம்."

இன்ஜினை ஓடவிட்டு உருவினேன். கம்பியில் பொட்டு எண்ணெய் இல்லை!

பாஷா பாய் வண்டிக்கு அடியில் புகுந்தார். "அரே! ரப்பர் சீல் கருகி எண்ணெ எல்லாம் ஒழுகிக் கீதுப்பா! இன்னா பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல பாய்! வண்டி அப்டி!"

பொன்னி அடுத்த பக்கத்தில் இருந்தாள். "அண்ணா... எறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணிட்டு உருட்டக் கூடாதாம். அப்டி உருட்டுனா கியர் பெட்டிக்குள்ள எண்ணெய் சுத்தாம எல்லாம் கருகிடுமாம்."

மொத்த சந்தையும் என்னைப் பார்த்தது. நான் டயரைப் பார்த்தேன்.

அந்தப் புத்தகம் சொன்ன எண்ணெய்க்கு மலையில் எங்கே போவது? டிராக்டரில் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டுக்கு ஊற்றுகிற எண்ணெய் ஒரு டின் பாஷா பாயிடம் இருந்தது.

"ஒழுகத்தான் ஒழுகும். ஆனா போளூர் போய்ச் சேந்துடுவ."

இன்ஜின் ஓட ஓட, பொன்னியே புனல் வைத்து ஊற்றினாள். 'டி'யில் போட்டேன். ஒரு குலுக்கு குலுக்கி, நகர்ந்தது வண்டி! கூட்டம் விசிலடித்தது.

மலை இறக்கத்தின் முதல் வளைவு. பழக்கதோஷம், என் கை தானாகச் சாவிக்குப் போனது.

"கைய எடுங்கண்ணா!"

எடுத்தேன். (நர்ஸ் அதட்டல் அப்போதே வந்துவிட்டது!)

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போளூர். கையில் எண்ணெய்க் கறையோடு உள்ளே ஓடினாள் பொன்னி. சின்னசாமி வராண்டாவில் உட்காரவே இல்லை. இவளுக்குச் சீட் போயிருந்தால் அது என்னால்தான்.

அரைமணி நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா பொன்னியோடு வெளியே வந்தார். "டிரைவர் யாருப்பா?"

பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று தலையைக் கோதிக்கொண்டு போனேன்.

"கையில இன்னா கறைன்னு கேட்டேன், எல்லாம் சொல்லிட்டா. நோயாளிய வெச்சிக்கினு வரும்போதும் இன்ஜின ஆஃப் பண்ணிட்டுதான் எறங்குவியா? பிரேக் சரியா புடிக்காதுன்னு தெரியுமா? அந்தப் புஸ்தகத்த ஒரு தடவயாவது தொறந்து பாத்தியா?"

கேள்விமேல் கேள்வி. பின்னால் சின்னசாமி மகளின் கறைபட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுது சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்டர்வியூவில் பாஸ் ஆனது பொன்னி. ஃபெயில் ஆனது நான்!