கறிக்கடை வாசலில் ஒரு பெயர்ப்பட்டியல்

2008 இல் ஒஸ்லோவிலிருந்து வேலைக்காக ஜப்பான் போனபோது, கூட வேலைசெய்தவர்கள் மலைக் கிராமமொன்றில் கறியும் சோறும் பரிமாறும் பெயர்பெற்ற கறிக்கடைக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் தொங்கிய தாளில் பெயரை எழுதிவிட்டுக் காத்திருந்தோம். கடைக்காரி வெளியே வந்து, உள்ளே அழைத்தவர்களின் பெயர்களைக் கோடிட்டு வெட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் அம்மா ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். ஊரில் நடந்த போரில் ஷெல்லடிக்குத் தப்பி ஓடிய, தகவல் தெரியாத ஆறு உறவினர்களின் பெயர்கள். அம்மா வேலையில் இருந்த நேரம் சித்தி தொலைபேசியில் வந்தார்.

"நான் சுகமா இருக்கிறன் எண்டு அம்மாட்டைச் சொல்லு, குஞ்சு."

கடைச் சாமான் பட்டியலில் வாங்கியதை வெட்டுவதுபோலச் சித்தியின் பெயரை வெட்டினேன்.

அம்மா வந்து பார்த்ததும் சப்பாத்தோடு தரையில் விழுந்து கதறினார். "ஐயோ, என்ரை தங்கச்சி!"

"இல்லையம்மா, சித்தி இப்பதான் கதைச்சவா."

"உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரை ஆரும் வெட்டுவினமே?"

மூன்றாம் நாள் சித்தி ஷெல் விழுந்து இறந்த செய்தி வந்தது. அம்மா என்னை ஏசவில்லை. பட்டியலைக் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பிறகு தொலைபேசி அடித்தால், நான் பக்கத்தில் இருந்தாலும் அவரே ஓடிவந்து எடுப்பார்.

ஜப்பானிலிருந்து நான் அம்மாவை அழைத்தபோது, "கறி உறைச்சதோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, இனிப்பு," என்றேன். வாசலில் பெயர்களை வெட்டியதைப் பற்றிச் சொல்லவில்லை.