மாதிரிப் படுக்கையில் ஒரு தூக்கம்

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி ஓட்டுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. என் மகள், பொருள்களையும் இடங்களையும் வடிவமைக்கும் மேற்படிப்பு படித்தாள். கடைசித் தேர்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது, எங்கள் லாரி ஆட்கள் தூங்க ஓர் இடம். நாங்கள் குழாய்களின் மேல் தார்ப்பாய் விரித்துத்தான் படுப்போம்.

பலகையில் அதற்கு ஆளளவு மாதிரி செய்துவிட்டு, தேர்வன்று கல்லூரிக்கு வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

“அத்தன பேரு முன்னால எனக்குப் பேச வராது சாமி.”

“பேச வேண்டாங்கப்பா. ஏறிப் படுத்துக் காட்டுங்க, போதும்.”

இரவு முழுக்க வேலை முடித்து, அப்படியே கல்லூரிக்குப் போனேன். லாரியில் ஏறுவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு, தேர்வாளர்கள் முன்னால் ஏறிப் படுத்தேன்.

விழித்தபோது அறையில் விளக்கு எரியவில்லை. மகள் மட்டும் கீழே உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பு கூசிப்போனது.

“உன்ற படிப்பக் கெடுத்துப்போட்டனா சாமி?”

“நல்லாக் கொறட்ட உட்டீங்க. எழுப்ப வந்தனுங்க. பரீட்சைக்கு வந்த மேடம்தான் வேண்டாம்னு லைட்ட நிறுத்தீட்டு, வராந்தாவுல வெச்சுக் கேள்வி கேட்டாங்க. பாஸாயிட்டனுங்கப்பா.”

வண்டியை நகர்த்தச் சொல்லித் தட்டி எழுப்பியவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். நான் தூங்குவதற்காக ஒருவர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனது அன்றுதான்.